மீதி ரெண்டு எங்க?

1

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிடுச்சுடி மெகரு, எங்க மாப்ள கரண்டியும் கையுமா அப்படியே நிக்கிறாரு! நீ என்னடான்னா பாட்டை முடிச்ச கையோட "சரிக்கா, கடைக்கு ஆளு வந்துட்டாங்க"ன்னு போனை வச்சுட்ட. பத்த வச்சுட்டு நீ வளையல் விக்கப் போயிட்ட, இங்க மாட்டிக்கினு முழிச்சவ நானு. அப்புறம் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு உன் மருமவ வேற விடாம கேட்டு அனுப்பிக்கினே இருக்கா. அதான் சொல்ல வந்தேன்.

இதை நீ கடையில சத்தமா போட்டு விடுவன்னு எனக்குத் தெரியும். வளையல் மாட்ட வந்தவளுங்களுக்கு முன்னால நடந்தது தெரியாது, பாவம், கைய நீட்டிக்கினு திருதிருன்னு முழிப்பாளுங்க. அதனால அவளுங்களுக்கும் சேத்து சொல்றேன். யம்மா, நான் பச்சையம்மா. நம்ம திருவண்ணாமலை தேரடிக்குப் பின்னால இருக்கிற சந்துல, மெகரு ஊட்டுக்கும் என் ஊட்டுக்கும் ஒரே சொவரு. இப்ப அயர்லாந்துல இருக்கேன், பொண்ணு கலா ஊட்ல. கலா ஆஸ்பத்திரியில நர்சு. மாப்ள ஊட்லயே கம்ப்யூட்டர் வேலை. பேத்தி கயலு, பத்தாங்கிளாஸ் படிக்கிற வயசு. இந்த சித்ரா பௌர்ணமியோட நான் இங்க வந்து மூணு வருஷம்.

எனக்கு எழுதத் தெரியாது. போன்ல இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கிப் புடிச்சிக்கினு பேசி அனுப்பத் தெரியும். வெரல் வழுக்கினா கட் ஆயிடும். கட் ஆனா அடுத்தது வரும், யாரும் எழுந்து போயிடாதீங்க.

2

பாத்தியா, கட் ஆயிடுச்சு.

சித்ரா பௌர்ணமின்னு சொன்னேன் இல்ல, அன்னிக்கு எனக்கு ஊரு ஞாபகம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அங்க ஊரே ரொம்பி வழியும். பஸ்ஸெல்லாம் வெளியவே நிறுத்திடுவான், ஒரு தயிர் பாக்கெட்டு வாங்க நம்ம சந்துல இருந்து வெளிய வர முடியாது. மலையைச் சுத்துற கூட்டத்துல பாதி உன் கடையிலதான் நிக்கும். இங்க பௌர்ணமின்னா நிலாவையே காணோம். மேகத்துக்குப் பின்னால எங்கயோ லீவு போட்டுட்டு படுத்துக்கினு இருக்குது.

அப்புறம் இன்னொரு கூத்து. நம்ம ஊருக்கு வர வெள்ளக்காரங்க செருப்பு கூட இல்லாம சுத்துறதைப் பாத்து, அவங்க ஊர்லயும் அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா எல்லாம் முட்டி வரைக்கும் ஷூ! நான்தான் மூணு சாக்ஸை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கினு யானை மாதிரி நடக்கிறேன்.

இவங்களுக்கு எதுவா இருந்தாலும் "கிராண்டு". எப்படி இருக்கீங்கன்னா கிராண்டு. டீ எப்படி இருக்குன்னா கிராண்டு. பக்கத்து ஊட்டு கெழவருக்கு இடுப்பு எலும்பு ஒடஞ்சு ஆபரேஷன் பண்ணாங்க, பாக்கப் போனேன், அவரும் படுத்துக்கினே கிராண்டுன்றாரு. நமக்கு கிராண்டுன்னா மண்டபம் ஃபுல்லா சீரியல் லைட்டு போட்டு, வாசல்ல யானை நிக்கணும். இங்க ஒண்ணும் சாவலைன்னா அதுவே கிராண்டுடி.

இங்க இருக்கிறதுக்கு வருஷா வருஷம் ஒரு கார்டு புதுசு பண்ணணும். அந்த ஆபீஸ்ல கண்ணாடி மேல வெரலை வைன்னாங்க. வச்சேன். மெஷினு எடுத்துக்கல. தொடச்சு வச்சேன், எடுத்துக்கல. கல்யாணத்துக்கு முன்னால இருந்து மண்டியில மல்லாட்ட ஒடச்ச வெரலு, டவுன்காரங்க வேர்க்கடலைன்னு சொல்வீங்களே, அதை ஒடச்சு ஒடச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. "இவங்க என்ன வேலை?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுது. கலா "ரிட்டையர்டு"ன்னு சொல்லுது. எனக்கு வந்துதே கோவம்! ஏன்டி, நான் எப்ப ரிட்டையர் ஆனேன், இன்னிக்குக் காலையில இட்லி ஊத்துனது உன் மாமியாரான்னு அங்கயே கேட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனா சிரிச்சிடுச்சு. கார்டு குடுத்துட்டாங்க.

3

இப்ப கயலு கதை.

நான் வந்தப்ப அது வாயாடி. ஆயா ஆயான்னு முந்தானையைப் புடிச்சிக்கினு சுத்தும், பாதி இங்கிலீசு, பாதி தமிழு, மீதி கை ஆட்டல். போன வருஷம் எப்பவோ வாயை மூடிக்கிச்சு. ஸ்கூல்ல இருந்து வரும், மாடிக்குப் போவும், காதுல ஹெட்போனு, பெரிய தோசைக்கல்லு மாதிரி ரெண்டு மாட்டிக்கும், கதவைச் சாத்திக்கும். சாப்புடுறியா? தலையை ஆட்டும். இன்னா ஆச்சு கண்ணு? தோளைத் தூக்கும். ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்கும்.

நம்ம கிரிவலப் பாதையில ஒரு வெள்ளக்காரி இருந்தாளே, ஞாபகம் இருக்கா? மௌனம்னு கழுத்துல அட்டை மாட்டிக்கினு, ஒரு மழைக்காலம் பூரா பேசவே இல்ல. நான் பழம் வாங்கிக் குடுத்து கால்லயே விழுந்தேன். உன் கடையில வந்து கையாலயே பேரம் பேசி உன்கிட்ட வெலையைக் கொறைச்சுட்டுப் போனா, அது வேற. அங்க பேசாம இருந்தா சாமி. இங்க நம்ம புள்ள பேசாம இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறாங்க.

டாக்டரம்மா நல்லவங்கதான். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுல இருக்கிறதை வெளிய விட வழி வேணும், நம்ம ஏரியா லைப்ரரியில சனிக்கிழமை சனிக்கிழமை புள்ளைங்களுக்கு பாட்டு கட்டச் சொல்லிக் குடுக்கிறாங்க, அனுப்பிப் பாருங்கன்னாங்க. எங்க மாப்ள மூஞ்சி சுருங்கிப் போச்சு. "பரீட்சை வருது, பாட்டு எதுக்கு?"ன்னு கலாகிட்ட கேட்டாரு. கலா விடல. "டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தா வாங்கித் தருவீங்க இல்ல? பாட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வாங்கித் தாங்க"ன்னுட்டா. என் பொண்ணுடி அது!

சனிக்கிழமை கலாவுக்கு டூட்டி. மாப்ளைக்கு மாடி அறைதான் உலகம். அதனால கூட்டிக்கினு போற வேலை எனக்கு. எனக்கு பஸ் நம்பர் தெரியாது, கயலுக்குத் தெரியும். கயலு டிரைவர்கிட்ட பேசாது, நான் "தேங்க் யூ" சொல்லுவேன். இங்க எறங்குறப்ப எல்லாரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லணும். நம்ம ஊர்ல நான் கண்டக்டருக்கு சொன்னதெல்லாம் "யோவ் நிறுத்துய்யா"தான்.

4

அந்த கிளாஸ் எடுக்கிற பொம்பளை பேரு ஷிவான். கேட்ட ஒடனே, அடடா, நம்ம அண்ணாமலையாரு இங்க வந்து லைப்ரரியில உக்காந்துக்கினு இருக்காரான்னு கன்னத்துல போட்டுக்கினேன். தலையெல்லாம் செம்பட்டை, காதுல வளையம் வளையமா, உன் கடைக்கு வந்தா நீ மூணு நாள் வியாபாரத்தை ஒரே நாள்ல பாத்துடுவ. புள்ளைங்களை வட்டமா உக்கார வச்சு, கிட்டாரை மடியில போட்டுக்கினு ஒண்ணு சொல்லுச்சு. கயலு எனக்கு மெதுவா தமிழ்ல சொல்லிச்சு. அதுவே பெரிய விஷயம், அன்னிக்கு அது பேசுன மொத வார்த்தை.

"யார் மூஞ்சிக்கு நேரா உங்களால சொல்ல முடியலையோ, அவங்களுக்கு சொல்ல வேண்டியதை எழுதுங்க. நல்லா இருக்கணும்னு இல்ல. உண்மையா இருந்தா போதும். ராகம் அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றாங்க ஆயா.

நான் கேட்டதும் "அடிப்பாவி!"ன்னு கத்திட்டேன். எல்லாப் புள்ளைங்களும் திரும்பிப் பாத்துதுங்க. ஏன் கத்த மாட்டேன்? இது நம்ம நலுங்கு ஏசல்தானே!

கடையில இருக்கிற சின்னப் பொண்ணுங்களுக்குத் தெரியாது. சொல்றேன். கல்யாணத்துல நலுங்கு வைக்கிறப்ப பொண்ணு ஊட்டுப் பொம்பளைங்க மாப்ள ஊட்டைக் கிழிகிழின்னு கிழிச்சுப் பாடுவோம். மாப்ள மூக்கு, மாமியா நாக்கு, எதையும் விடறதில்ல. பேச்சா சொன்னா கல்யாணம் நின்னு போவும். பாட்டா சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஏச்சு வாங்குனவங்க எழுந்து, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு பாடுனவ கையில குடுக்கணும். குடுத்தா, சரிம்மா, நீ சொன்னது காதுல வுழுந்துச்சு, ஏத்துக்கினேன்னு அர்த்தம். மொறைச்சுக்கினு உக்காந்தா இன்னொரு அடி வுழும்.

அதனால நான் போய் ஒரு மூலையில உக்காந்துக்கினேன். சொல்லிக் குடுக்க எல்லாம் போகல. ஒரு தடவை "கண்ணு, இந்த எடத்துல இப்படி இழுத்தா ஷோக்கா இருக்கும்"னு வாயைத் தொறந்தேன். கயலு என்னைப் பாத்து "ஆயா, ப்ளீஸ்"னுச்சு. மூடிக்கினேன்.

ஒரு பையன் செத்துப்போன நாய்க்கு எழுதுனான். ஒருத்தன், கொழந்தடி மெகரு, அவங்கம்மா தெனமும் உருளைக்கெழங்கு போடறதைத் திட்டி எழுதுனான். கயலு மட்டும் காட்டவே இல்ல. ஆனா பஸ்ஸுல வரும்போது முணுமுணுத்துக்கினே வரும். தொடையில தாளம் போடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு கேக்காத மாதிரி காதைத் தீட்டிக்கினு உக்காந்திருப்பேன்.

5

எல்லாப் புள்ளைங்களும் பாடப் போற நாள் ஒண்ணு வச்சாங்க. குடும்பத்தோட வரணும்னாங்க. கலாவுக்கு ஒரே குஷி. ராத்திரி சாப்பாட்டுல, "எங்களுக்கு மொதல்ல பாடிக் காட்டேன்டி"ன்னா. கயலு தட்டைப் பாத்துக்கினே பாடிச்சு. பாதி இங்கிலீசு, எனக்கு அது காத்து மாதிரி போச்சு. ஆனா திரும்பத் திரும்ப வர அடி தமிழு.

"தொண்ணூத்தி எட்டா? மீதி ரெண்டு எங்க?
கட்டிலுக்கு அடியில இல்ல, மீதி ரெண்டு எங்க?
ஆயா சோத்துப் பானையில இல்ல, மீதி ரெண்டு எங்க?"

எனக்கு சிரிப்பு தாங்கல, பொறை ஏறிடுச்சு. எங்க மாப்ள கேக்கிறது அதேதான். புள்ள ஓடி வந்து தொண்ணூத்தி எட்டுன்னு பேப்பரை நீட்டும், இவரு ராத்திரியில கூட சோபாவுல உக்காந்துக்கினு கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்காம "மீதி ரெண்டு எங்க?"ன்னு கேப்பாரு. அதே தொனி, அதே இழுப்பு, அப்படியே புடிச்சிருக்குது குட்டி! கலாவும் சிரிச்சா. மாப்ளைக்கே ஒதடு லேசா கோணுச்சு, சிரிக்கப் போறாரோன்னு பாத்தேன்.

அப்பதான் கடைசி அடி வந்துச்சு.

"அப்பா ஒடம்பு சோபாவுல, மீதி அப்பா எங்க?"

யாரும் மெல்லல மெகரு. ரசம் ஆறிப் போச்சு.

மாப்ள கையை தட்டுலயே ஒதறிட்டு, "இதை மேடையில பாடக் கூடாது"ன்னாரு. "நம்ம தமிழ்ச் சங்கத்து ஆளுங்க வருவாங்க. நாலு பேரு இன்னா நெனப்பாங்க? இதுக்கா நான் இவ்ளோ தூரம் வந்து ஒழைக்கிறேன்?"

"கடைசி அடியை மட்டும் விட்டுடேன்டி"ன்னு கலா கெஞ்சுனா.

"அந்த அடிக்காகத்தான்மா மத்ததையெல்லாம் எழுதுனேன்"னு கயலு சொல்லுச்சு. சத்தமெல்லாம் போடல. எழுந்து தட்டைக் கழுவி வச்சுது. மாடிக்குப் போச்சு. தோசைக்கல்லு காதுல ஏறிடுச்சு. மறுநாளு பேச்சு இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. சனிக்கிழமை கெளம்பு கண்ணுன்னா, தலையை இல்லைன்னு ஆட்டுது. தொடையில தாளம் கூட இல்ல.

மேடையாவது மண்ணாவது, அது எனக்கு பெருசு இல்ல. ஒரு வருஷம் மூடிக் கெடந்த வாயி, தெறந்து ஒரே ஒரு பாட்டு பாடிச்சு. அந்த மொதப் பாட்டையே அமுக்கிட்டா அப்புறம் அது எதுக்கு வாயைத் தெறக்கும்? எங்கிட்டதான் தெறக்குமா, அதுங்கப்பன்கிட்டதான் தெறக்குமா?

6

இப்ப நீங்க கேப்பீங்க, ஏன் பச்சையம்மா, நீ மாப்ளகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானேன்னு. எப்படிம்மா சொல்றது? மாமியாக்காரி மாப்ள மூஞ்சியைப் பாத்துப் பேசுற வழக்கம் நம்மகிட்ட ஏது? கல்யாணம் ஆனதுல இருந்து நான் அவருகிட்ட பேசுனது "சாப்டீங்களா", "தூங்கலியா", "குளிருதா", அவ்வளவுதான். அதுவும் கதவைப் பாத்து. நம்ம ஊட்ல ஒளிஞ்சிக்க கதவு இருந்துச்சு. இங்க அடுப்பங்கரை ரெண்டு எட்டு அகலம். அவரு காப்பி போட வந்தா நான் பிரிட்ஜைத் தெறந்து வச்சு தலையை உள்ள விட்டுக்குவேன். மூணு வருஷமா அந்த பிரிட்ஜுக்குத்தான் மாப்ளகிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்.

அப்பதான் எனக்கு நீ ஞாபகம் வந்த மெகரு.

கலா கல்யாணத்துல பொண்ணுக்கு அம்மா பாடக் கூடாதுன்னு, நான் அடி எடுத்துக் குடுக்க நீதானே பாடுன? மாப்ள ஊட்டுக்காரங்க, "இன்னா, பாய் ஊட்டுப் பொம்பள நம்ம மாப்ளையை இந்தக் கிழி கிழிக்குது"ன்னு வாயைப் பொளந்தாங்களே! அதான் அன்னிக்கு மாப்ள காப்பி போட வர நேரம் பாத்து உனக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தெறந்து, அடுப்பு மேடையில வச்சுட்டு, பிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுக்கினு, "மெகரு, அந்தக் கல்யாணப் பாட்டு மறந்து போச்சு, ஒரு தடவை பாடேன்"னு கேட்டேன். நீயும் மகராசி, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம எடுத்து விட்ட.

"கீழ்பென்னாத்தூரு மாப்பிள்ள, கெத்தா வந்த மாப்பிள்ள,
வேட்டி நிக்கத் தெரியலன்னு பெல்ட்டு போட்ட மாப்பிள்ள,
மணப்பொண்ணப் பாக்கச் சொன்னா பந்தியப் பாத்த மாப்பிள்ள,
நலுங்கு வைக்க உக்காந்து தொடை நடுங்குன மாப்பிள்ள!"

அங்கதான் பால் பொங்குனது. நீ வச்சுட்ட. நான் பிரிட்ஜுக்குள்ள இருந்து தலையை எடுக்கல, குளுருல காது வெறைச்சுப் போச்சு. மாப்ள அடுப்பை அணைச்சாரு. துணி எடுத்து, மூலை முடுக்கெல்லாம் தொடைச்சாரு. தொடைச்சதையே திரும்பவும் தொடைச்சாரு. காப்பி கூட இல்லாம மேல போயிட்டாரு.

அவரு போன ஒடனே கயலு திடுதிடுன்னு எறங்கி வருது. காதுல தோசைக்கல்லு இல்ல! "ஆயா, யாரு அது? யாரை அப்படி கலாய்க்கிறாங்க? அப்பாவையா?"

"உங்கப்பனைத்தான்."

"அப்பா இன்னா பண்ணாரு?"

"சிரிச்சாருடி. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுட்டு, எழுந்து வந்து வெத்தலைத் தட்டைக் குடுத்தாரு"ன்னு சொல்லி, ஏன் குடுக்கணும்ன்றதையும் சொன்னேன். அது நம்பல. அப்பா அப்படி சிரிச்சு அது பாத்ததே இல்லையாம்.

7

மறுநாள் மாப்ள கலாகிட்ட சொன்னாராம், "அவ பாடட்டும். முழுசா பாடட்டும். எனக்கு அன்னிக்கு மீட்டிங் இருக்கு, நான் வரல." கலா வந்து சொன்னப்ப கயலு, "ஓகே. மீதி அப்பா வரலை"ன்னுச்சு. சிரிச்சிக்கினேதான் சொல்லுச்சு. எனக்கு அந்த சிரிப்பு புடிக்கல.

லைப்ரரி ஹால் ரொம்பிடுச்சு. தமிழ்ச் சங்கத்துப் பொம்பளைங்க பட்டுப்புடவை மேல ஸ்வெட்டர் போட்டுக்கினு மொத வரிசையில. பின்னால கதவுகிட்ட மேசை போட்டு டீ, பிஸ்கெட்டு, பழம், முக்கோணமா வெட்டுன சாண்ட்விச். நாய் பையன் பாடி எல்லாரையும் அழ வச்சான். உருளைக்கெழங்கு பையன் பாடுனான், அவங்கம்மா மூஞ்சி செவந்து போச்சு.

அப்புறம் கயலு. ஷிவான் கிட்டார் வாசிக்க, மைக்கைப் புடிச்சிக்கினு நின்னுச்சு. தொண்ணூத்தி எட்டுன்னு ஆரம்பிச்ச ஒடனே நம்ம தமிழ்க் கூட்டத்துல ஒரு சிரிப்பு! எல்லா ஊட்லயும் அதே மீதி ரெண்டைத்தான் தேடிக்கினு இருக்காங்க போல. பக்கத்துல இருந்த பையன் அவங்கப்பாவை முழங்கையால இடிக்கிறான். மூணாவது வாட்டி வர்றப்ப வெள்ளக்காரங்களும் சேந்து "மீதி ரெண்டு எங்க"ன்னு பாடுறாங்கடி! அர்த்தம் தெரியாது, ஆனா இன்னா சத்தம்!

கடைசி அடி வந்துச்சு. கயலு வாயைத் தெறந்துச்சு, பின்னால கதவைப் பாத்துச்சு, நின்னுடுச்சு.

திரும்பிப் பாத்தேன். மாப்ள நிக்கிறாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு, மூச்சு வாங்க, அந்தக் கம்ப்யூட்டர் பையை நெஞ்சோட கட்டிப் புடிச்சிக்கினு.

கிட்டாரு மட்டும் சுத்திச் சுத்தி வருது. கலா என் கையை நசுக்குறா. மேடையில இருக்கிற புள்ள கண்ணும் கதவுகிட்ட இருக்கிற அப்பன் கண்ணும், நடுவுல நாங்க எல்லாரும். பாடாம எறங்கிடப் போவுதுன்னு நெனச்சேன். எறங்கல. அவரைப் பாத்துக்கினேதான் பாடிச்சு.

"அப்பா ஒடம்பு சோபாவுல, மீதி அப்பா எங்க?"

அதோட விட்டுச்சுன்னு பாத்தா, எனக்குத் தெரியாம புதுசா ஒரு அடி கட்டி வச்சிருக்குது.

"ஆயா காலு சாக்ஸுக்குள்ள, மீதி ஆயா எங்க?
மெகரு பாட்டி கடையில வளையல் மாட்டுது அங்க!"

மெகரு! உன் பேரு! அயர்லாந்துல, மைக்குல! நான் வாயைப் பொத்திக்கினேன், வாய்க்குள்ள சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல. மூணு வருஷமா நான் யாருகிட்டயும் சொல்லாததை, இந்தக் குட்டி ஒரே அடியில போட்டு ஒடச்சிடுச்சு. பஸ்ஸுல கேக்காத மாதிரி காதைத் தீட்டுனது நான் மட்டும் இல்ல, ஜன்னலைப் பாத்து நான் விட்ட பெருமூச்சை அதுவும் கேட்டுக்கினுதான் இருந்திருக்குது.

பாட்டு முடிஞ்சுது. கைத்தட்டல். நான் திரும்பிப் பாத்தா, மாப்ள முதுகைக் காட்டிக்கினு திரும்பிட்டாரு. போச்சுடா, போறாருன்னு எனக்கு உசுரு போச்சு. அவரு போகல. டீ மேசைக்குப் போனாரு. ஒரு காகிதத் தட்டை எடுத்தாரு. வாழைப்பழம் ரெண்டு வச்சாரு. பாக்குக்கு இன்னா பண்றது, பிஸ்கெட்டு ஒண்ணு வச்சாரு. அப்புறம் வெத்தலைக்கு சுத்தும் முத்தும் பாத்தாரு. ஒரு சாண்ட்விச்சைப் பிரிச்சு, உள்ள இருந்த எலையை உருவுனாரு! ஒதறுனாரு, சட்டையில தொடைச்சாரு, தட்டுல வச்சாரு. ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு, அத்தினி பேரு நடுவுல நடந்து போயி, புள்ள முன்னால நீட்டுனாரு.

கயலுக்குத் தெரியும். அந்த எலையைப் பாத்துச்சு, அப்பனைப் பாத்துச்சு, "அப்பா, இதுல மயோனைஸ் இருக்கு"ன்னுச்சு. அப்ப சிரிச்சாரு பாரு, மெகரு! அதே கல்யாணச் சிரிப்பு! புள்ளையும் சிரிக்குது, ரெண்டும் தட்டை ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கினு ஆடுதுங்க, பழம் கீழ வுழுந்து உருளுது.

ஷிவான் இன்னா இதுன்னு கேக்க, கலா மூக்கை உறிஞ்சிக்கினே மைக்குல இங்கிலீசுல விளக்குனா. அவ்வளவுதான், உருளைக்கெழங்கு பையனோட அம்மா எழுந்து நேரா சாண்ட்விச்சுக்குப் போனாங்க. அவங்களைப் பாத்து இன்னொருத்தர். அப்புறம் நம்ம பட்டுப்புடவைங்க. மேசையில ஒரு சாண்ட்விச்சுல கூட எலை இல்ல.

நானும் ஏச்சு வாங்குனவதானே? தட்டுக்கு எலை கெடைக்கல. எங்க ஊட்டுக்காரு காரியம் முடிஞ்சு நான் மொட்டைக் கையோட உக்காந்திருந்தப்ப, "எவ கேக்குறான்னு பாக்குறேன்"னு நீ இழுத்து மாட்டி விட்டியே கண்ணாடி வளையலு, அதுல ஒண்ணைக் கழட்டி புள்ள கையில போட்டு விட்டேன். அளவு சரியா இருந்துச்சு.

8

கார்ல வரும்போது நான் பின்னால, மாப்ள ஓட்டுறாரு. பிரிட்ஜு இல்ல, ஒளிய எடம் இல்ல. கண்ணாடியில என்னைப் பாத்தாரு.

"அத்தை, அந்தக் கல்யாணப் பாட்டு மெகரு அக்கா கட்டுனது இல்லதானே?"

நான் ஜன்னலைப் பாத்துக்கினு, "ஏன் மாப்ள?"ன்னேன்.

"என் தொடை நடுங்குனது மெகரு அக்காவுக்கு எப்படித் தெரியும்? நான் நலுங்குக்கு உக்காந்தப்ப அவங்க இன்னும் பந்தியில இருந்தாங்க, அப்புறம்தான் பாட வந்தாங்க. எனக்குப் பின்னால நின்னது நீங்க."

கலா ஹோன்னு சிரிக்கிறா. கயலு "ஆயா!"ன்னு கத்துது. நான் "குளிருதா மாப்ள?"ன்னு கேட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஒரே நாள்ல ஆளு மாறிட்டாருன்னு நான் கதை விட மாட்டேன். இன்னமும் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கினுதான் அழறாரு. நேத்து கயலு கணக்குப் பரீட்சையில தொண்ணூத்தி நாலுன்னு வந்து நின்னுச்சு. அவரு வாயைத் தெறந்தாரு. கயலு ஒரு கைய இடுப்புல வச்சுக்கினு, தொடையில தாளம் போட ஆரம்பிச்சுது. அவரு வாயை மூடிக்கினாரு. கம்ப்யூட்டரையும் மூடுனாரு. "டீ குடிக்கிறியா?"ன்னாரு. ரெண்டு பேரும் டீ போடறேன்னு என் அடுப்பங்கரையை நாசம் பண்ணிட்டாங்க. பால் பொங்குனது தனிக் கதை.

இப்ப குட்டி அடுத்த பாட்டு கட்டுதாம். யாரைப் பத்தின்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. என்னைப் பாத்து கண்ணடிக்குது. நானும் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு தட்டைக் கழுவி வச்சிருக்கேன். நீயும் வச்சிக்கோ, சொல்ல முடியாது. அப்புறம் உன் மருமவகிட்ட சொல்லு, வளையலு நாலு, கயலு அளவுல, யாராவது வந்தா குடுத்து விட...

ஐயய்யோ! மழை! இப்பதான்டி வெய்யில் பளிச்சுன்னு அடிச்சுதுன்னு எல்லாத்தையும் கொடியில போட்டேன். ஏய் கயலு! மழை வருதுடி, எறங்கி வா! கொடியில துணி!

கேக்குதா மெகரு? கேக்குதா? மாடியில இருந்து பதிலே பாட்டா வருது, "ஆயா பொடவை பாதி காஞ்சுது, மீதி பாதி எங்க"ன்னு! இரு, மாப்ள சட்டை எல்லாம் வெளிய கெடக்கு, வைக்கிறேன், வைக்கிற...